இல்லம் காத்த அன்னை ரமாபாய் அம்பேத்கர்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கற்றுயர்ந்தோர் பலரின் பெயர்கள் இம்மலரில் இடம்பெறுவது இயல்பே. பட்டம் பெற்றோரையும், ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பணியில் அமர்ந்தோரையும் நாம் பெருமையோடு போற்றுகிறோம். ஆயின், அவர்கள் படித்த காலத்தில் அவர்தம் வீட்டில் அடுப்பு எரிந்தது எவ்வாறு, வாடகையைக் கட்டியவர் யார், காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்தவர் யார் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு விடையாக அமைந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவரே அண்ணல் அம்பேத்கரின் துணைவியார், அன்னை ரமாபாய்.

அண்ணல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்ற வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் 1913 முதல் 1917 வரையிலும், மீண்டும் 1920 முதல் 1923 வரையிலும், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அயல்நாடுகளில் இருந்தார். அந்த ஏழு ஆண்டுகளும் பம்பாயில் இருந்த அவரது இல்லத்துக்கும் உரியவை. நூலகத்தில் அண்ணல் கழித்த ஒவ்வொரு நாளும் அவ்வீட்டிலும் ஒரு நாளாகக் கழிந்தது. அங்கும் உலை வைக்கவேண்டியிருந்தது. அங்கும் கடன்காரருக்கு விடை சொல்லவேண்டியிருந்தது.

நம் செங்கல்பட்டுச் சீமைக்குப் பிரிவு புதியதன்று. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய கூலியாட்களுள் நம் வட்டாரத்து மக்கள் மிகுதியாக இருந்தனர். இன்றும் திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் வடமாநிலங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்வோர் பலர். சென்றவரைப் பற்றி ஊர் பேசுகிறது. இருந்தவரைப் பற்றிப் பேசுவதற்கு அன்னை ரமாபாயின் வரலாறு நமக்கு ஒரு தொடக்கமாக அமையட்டும்.

பிறப்பும் இளமையும்

ரமாபாய் 1898 பிப்ரவரி 7 அன்று, கொங்கணக் கடற்கரையை ஒட்டிய இரத்தினகிரி மாவட்டத்தில், தாபோலி நகருக்கு அருகிலுள்ள வணந்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பிக்கு துத்ரே. தாயார் ருக்மிணி. தாபோள் துறைமுகத்தில் இறங்கும் மீனைக் கூடைகளில் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது தந்தையாரின் தொழில். சதுரங்கப்பட்டினக் கரையிலும் மாமல்லபுரக் கரையிலும் மீன் கூடை சுமப்போரைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்த உழைப்பின் கடுமையை விளக்க வேண்டுவதில்லை. கூடையின் நீர் முதுகில் வழிய, வெயில் ஏறுமுன் சந்தையை அடைய ஓடவேண்டும். அவ்வாறு ஓடியவருக்குக் கிடைத்த கூலி அன்றாடச் சோற்றுக்கே போதாமலிருந்தது.

ரமாபாய் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயார் மறைந்தார். சில ஆண்டுகளுக்குள் தந்தையாரும் மறைந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளை உறவினர் பம்பாய்க்கு அழைத்துச் சென்று, பைகுல்லாச் சந்தைப் பகுதியில் வைத்து வளர்த்தனர். பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பு ரமாபாய்க்கு வாய்க்கவில்லை. தம்பிக்கும் தங்கைக்கும் ஆதரவாக இருக்கவேண்டிய பொறுப்பு விளையாடும் பருவத்திலேயே அவர்மேல் விழுந்தது.

சந்தைக் கொட்டகையில் திருமணம்

ஓய்வு பெற்ற இராணுவச் சுபேதார் ராம்ஜி சக்பால் தம் இளைய மகன் பீமராவுக்குப் பெண் தேடியபோது, இச்சிறுமியைத் தெரிந்தெடுத்தார். 1906ஆம் ஆண்டில் திருமணம் நடைபெற்றது. மணமகனுக்கு வயது பதினைந்து. மணமகளுக்கு ஒன்பது வயதுகூட முழுமையாக நிரம்பியிருக்கவில்லை. குழந்தை மணம் வழக்கத்திலிருந்த காலம் அது.

மண்டபம் அமர்த்தப் பொருளும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. பைகுல்லாச் சந்தையில் பகல் வணிகம் முடிந்து கடைக்காரர்கள் கலைந்த பின்னர், அச்சந்தையின் திறந்த கொட்டகையே மணப்பந்தலாயிற்று. ஒரு மூலையில் மணமகன் வீட்டாரும் மறு மூலையில் மணமகள் வீட்டாரும் தங்கினர். காலடியில் சந்தையின் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது விடிந்து வியாபாரிகள் கூடைகளோடு வரும் முன்னர் அனைவரும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பிற்காலத்தில் இந்திய நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் இல்வாழ்க்கை தொடங்கிய இடம் இதுவே.

மணமான பின்னர் ராம்ஜி தம் மகனின் படிப்பைச் சிறிதும் தளரவிடவில்லை. பீமராவ் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சயாஜிராவ் வழங்கிய மாதம் 25 ரூபாய் உதவித்தொகையோடு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். குடும்பம் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்களுக்கென இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்தது. பம்பாயில் இதனைச் சால் என்பர். நம் பக்கத்து லைன் வீடுகளை மாடிமேல் மாடியாக அடுக்கியது போன்றது. ஒரு நடைக்குப் பல குடும்பங்கள். எல்லோருக்கும் பொதுவான குழாய், பொதுவான கழிப்பிடம். நீண்ட காலம் இரண்டு சிறு அறைகளே அண்ணல் குடும்பத்தின் உலகமாக இருந்தன.

முதற் பிரிவு

1912 டிசம்பர் 12 அன்று மூத்த மகன் யஷ்வந்த் பிறந்தார். இரண்டு திங்கள்கூட நிறைவுறாத நிலையில், 1913 பிப்ரவரி 2 அன்று மாமனார் ராம்ஜி காலமானார். ஓய்வூதியம் என்னும் நிலையான வரவு அவரோடு நின்றது. பரோடாவில் பணியேற்றிருந்த பீமராவ் தந்தையின் இறுதி நேரத்துக்கே ஓடிவந்து சேர்ந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில், பரோடா அரசின் உதவித்தொகை பெற்று, அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றடைந்தார்.

அப்போது ரமாபாய்க்கு வயது பதினைந்து. கையில் குழந்தை. வீட்டில் மாமியாரும் மைத்துனர் ஆனந்தராவின் குடும்பமும் இருந்தனர். கணவருக்குக் கிடைத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். அதற்குள் அவர் உண்ணவேண்டும், உடுக்கவேண்டும், நூல் வாங்கவேண்டும். மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பவேண்டும். ஆதலின் அங்கே அவர் வயிற்றைச் சுருக்கினார். வந்து சேர்ந்த தொகையைக் கொண்டு இங்கே ரமாபாயும் வயிற்றைச் சுருக்கினார். ஒரு படிப்புக்காக இரண்டு இடங்களில் பசி தாங்கப்பட்டது.

அக்காலத்து அஞ்சல் கப்பலில் வரவேண்டும். ஒரு கடிதம் போய் மறுமொழி வர வாரங்கள் பல ஆகும். 1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டபின் அதற்கும் உறுதியில்லை. வீட்டில் ஒரு நோய் என்றால், அச்செய்தி அமெரிக்காவை எட்டும்போது நோயாளி பிழைத்திருப்பார் அல்லது மறைந்திருப்பார். எனவே மருத்துவரிடம் போவதா, கடன் வாங்குவதா, யாரிடம் வாங்குவது என்னும் முடிவுகளையெல்லாம் எழுத்தறியாத அந்த இளம்பெண்ணே வீட்டாரோடு கூடி எடுக்கவேண்டியிருந்தது. கணவர் எப்போது வருவார் என்று கேட்டவர்களுக்கும், வருவாரா என்று கேட்டவர்களுக்கும் அவர் விடை சொல்லவேண்டியிருந்தது.

1916இல் அண்ணல் லண்டன் சென்று அங்கும் படிப்பைத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டமையால் 1917இல் நாடு திரும்ப நேர்ந்தது. போர்க்கால மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்துகொண்டிருந்தன. அவர் கைசர்-இ-ஹிந்த் என்னும் கப்பலில் ஏறினார்; அவருடைய நூல்களும் உடைமைகளும் வேறொரு கப்பலில் வந்தன. அவ்வேறு கப்பல் தாக்குண்டு மூழ்கியது. அண்ணல் கொழும்பு வழியாக ஆகஸ்டுத் திங்களில் பம்பாய் வந்து இறங்கினார். நூல்கள் போயின, ஆள் வந்து சேர்ந்தார். நான்காண்டுக் காத்திருப்பு அன்றைக்கு முடிந்தது.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகள்

வந்தவர் வீட்டில் தங்க இயலவில்லை. பரோடா அரசுக்குச் செய்துகொடுத்த ஒப்பந்தப்படி அங்குப் பணியேற்கச் சென்றார். கொலம்பியாவில் பொருளாதாரம் பயின்று வந்தவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. அவர் பம்பாய்க்கே திரும்பினார். ரமாபாயின் பார்வையில் இதன் பொருள் என்ன? நான்காண்டுகள் காத்திருந்து பெற்ற படிப்பும் ஒரு மாதச் சம்பளத்தைக்கூட உறுதிப்படுத்தவில்லை என்பதே. சாதி எத்தனைப் பட்டங்களையும் விழுங்கவல்லது என்னும் பாடத்தை அவர் தம் அடுக்களையிலிருந்தே கற்றார்.

1918 நவம்பரில் அண்ணல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் ஊதியம். இனியேனும் வீடு செழிக்கும் என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் லண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிக்கவேண்டும் என்னும் உறுதி அண்ணலை விடவில்லை. ஊதியத்தின் பெரும்பகுதியை அவர் சேமிப்பில் வைத்தார். குடும்பச் செலவுக்கென ஓர் அளவான தொகையை மட்டும் துணைவியாரிடம் தந்தார். அதே இரண்டு அறைகள், அதே பொதுக் குழாய். அத்தொகையை முப்பது சிறு பொட்டலங்களாக மடித்து வைத்து, நாளுக்கு ஒன்றாகப் பிரித்து அம்மையார் செலவிட்டு வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கணவர் உலகப் பொருளாதாரத்தையும் நாணய முறையையும் ஆராய்ந்தார். துணைவியார் வரவுக்குள் செலவை அடக்கும் கலையில் தேர்ந்திருந்தார். அக்கலை இன்றேல் லண்டன் பயணத்துக்குச் சேமிப்பு ஏது?

இரண்டாம் பிரிவு

1920 ஜூலையில் அண்ணல் மீண்டும் லண்டனுக்குப் புறப்பட்டார். தம் சேமிப்போடு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனும் அவருக்குத் துணையாயின. குடும்பத்துக்கென ஒரு தொகையை விட்டுச் சென்றார். அது நெடுங்காலம் நீடிக்கக்கூடியதாக இல்லை. அண்ணன் ஆனந்தராவ் மறைந்தபின் அண்ணியார் லட்சுமிபாயும் அவர்தம் மகன் முகுந்தராவும் அதே வீட்டில் வாழ்ந்தனர். அனைவரையும் ஒரே சோற்றுப்பானைதான் காத்தது.

இக்காலத்தைப் பற்றிப் பின்னாளில் அண்ணலே எழுதியுள்ளார். தாம் அயல்நாட்டில் இருந்தபோது குடும்பச் சுமையைத் துணைவியார் இரவும் பகலும் சுமந்தார் என்றும், தாம் திரும்பிய பின்னரும் வறுமை நீங்காமையால் சாணக் கூடையைத் தலையில் சுமக்கவும் அவர் தயங்கவில்லை என்றும் அவர் பதிவு செய்தார். சாணம் சேர்த்து வறட்டி தட்டும் வேலை நம் தாய்மார்கள் அறிந்ததே. ஆயினும் பேராசிரியரின் மனைவி, பாரிஸ்டரின் மனைவி என்று அக்கம்பக்கத்தார் அழைக்கத் தொடங்கிய பின்னரும் அவ்வேலையைச் செய்வதற்கு வேறொரு துணிவு வேண்டும். உறவினர் சிலர் உதவ முன்வந்தபோதும், பிறர் கையை எதிர்பார்க்க அம்மையார் விரும்பவில்லை. கணவருக்கு எழுதச் செய்த கடிதங்களிலும் வீட்டின் துன்பத்தை மிகுதியாகச் சொல்லி அவர் மனத்தைக் கலைக்காமலிருக்கவே முயன்றார் என்பர். லண்டனில் அண்ணலோ காலையில் ஒரு துண்டு ரொட்டியோடு நூலகம் சென்று மாலை வரை பசியோடு பயின்றார்.

1923 ஏப்ரலில் அண்ணல் நாடு திரும்பினார். பாரிஸ்டர் தகுதியும், ரூபாய் நாணயச் சிக்கலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு டி.எஸ்சி. பட்டமும் அவருக்கு உரியவாயின. அப்பட்டத்தின் விலையில் ஒரு பகுதி பரேல் சாலின் இரண்டு அறைகளில் செலுத்தப்பட்டது.

மறைந்த மழலைகள்

ரமாபாய் ஐந்து குழந்தைகளை ஈன்றார். யஷ்வந்த் ஒருவரே வளர்ந்து ஆளானார். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா ஆகிய நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். குழந்தையொன்று இறந்தபோது அதன் உடலைப் போர்த்தப் புதுத்துணி வாங்கவும் காசில்லாமல், அம்மையார் தம் சேலையிலிருந்து ஒரு பகுதியைக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்லப்படுவது கேட்போர் நெஞ்சை உருக்கும்.

கடைசி மகன் ராஜரத்னா 1926 ஜூலையில் மறைந்தபோது அண்ணல் உடைந்துபோனார். நான்கு குழந்தைகளைப் புதைத்த துயரை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கொட்டினார். அண்ணலுக்கு எழுதும் வன்மையும், துயரை மறக்கப் பொதுப்பணியும் இருந்தன. அன்னைக்கு அவ்விரண்டும் இல்லை. அதே அறையில், அதே அடுப்பின் முன், அக்குழந்தை தவழ்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மறுநாளும் சமைத்தார். அவர் உடல் அப்போதிருந்தே மெலியத் தொடங்கியது.

ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைகள் இறப்பது அந்நாளில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது. நெருக்கமும், ஈரமும், போதா உணவும், மருத்துவமின்மையும் அதன் காரணங்கள். இதனை விதி என்று கொள்ளாமல் வறுமையின் விளைவு என்று நம் இளைஞர்கள் உணரவேண்டும்.

ஊரிலிருந்தும் வீட்டில் இல்லாதவர்

அயல்நாட்டுப் பயணம் முடிந்தும் பிரிவு முடியவில்லை. 1924 ஜூலை 20 அன்று ஒடுக்கப்பட்டோர் நலனுக்காக பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை நிறுவப்பட்டது. பரேல் தாமோதர் மண்டபத்தில் அதன் அலுவலகம் இயங்கியது. அண்ணலின் நாள் நீதிமன்றத்தில் தொடங்கி அவ்வலுவலகத்தில் நீண்டது. 1927 மார்ச் 20 அன்று மகாடு சௌதார் குளத்தில் நீர் அருந்தும் போராட்டம். அதற்கடுத்த திங்களில் பகிஷ்கிருத பாரதம் என்னும் இதழ். டிசம்பரில் மனுஸ்மிருதி எரிப்பு. மகாட்டில் நம் மக்கள் தாக்கப்பட்ட செய்தி பம்பாய்க்கு வந்தபோது அவ்விரு அறைகளில் என்ன அச்சம் நிலவியிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அண்ணல் வீட்டிலிருக்கும் நேரத்திலும் நூல்களோடேயே இருந்தார். உணவு அவர் படிக்கும் இடத்துக்கே சென்றது. வந்து குவியும் தொண்டர்களுக்கும் வழக்குக்காக வரும் ஏழைகளுக்கும் தேநீரும் சோறும் அதே சிறு அடுக்களையிலிருந்தே வந்தன. இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் மாநாடுகளைக் கணக்கிடுகின்றனர். அம்மாநாடுகளுக்கு முன்னும் பின்னும் சமைக்கப்பட்ட உணவைக் கணக்கிட்டவர் எவருமிலர்.

ஆயினும் ஒருவர் கணக்கிட்டார். அவர் அண்ணலே. 1928 பிப்ரவரி 3 நாளிட்ட பகிஷ்கிருத பாரதம் இதழில், அப்பத்திரிகை சமுதாயத்தின் மீது கொண்டுள்ள கடனைப் பற்றி எழுதுகையில், முன்னர் நாம் குறிப்பிட்ட சாணக் கூடைச் செய்தியை அவர் வெளியிட்டார். இத்துணை அன்பும் நற்பண்பும் உடைய துணைவிக்காக, இருபத்து நான்கு மணி நேரத்தில் அரை மணி நேரத்தைக்கூடத் தம்மால் ஒதுக்க இயலவில்லை என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ஒரு தலைவர் தம் இல்லத்துப் பெண்ணின் உழைப்பைப் பொதுமக்கள் முன்னிலையில் கடன் என்று அறிவித்தது அக்காலத்தில் அரிய செயலாகும். மனைவியின் தியாகம் என்று மெச்சிவிட்டு அதனை மறந்துவிடும் வழக்கத்துக்கு அவர் உடன்படவில்லை.

வட்டமேசை மாநாடும் நம் மாவட்டத்தாரும்

1930 அக்டோபரில் அண்ணல் மீண்டும் கப்பலேறினார். லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களின் சார்பில் அழைக்கப்பட்டோர் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றவர் நம் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அண்ணலுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. சீனிவாசனார் எழுபதைத் தொட்டவர். 1893இல் பறையன் இதழைத் தொடங்கிய அம்முதியவரும் ஆப்பிரிக்க மண்ணில் நெடுங்காலம் பணிசெய்து திரும்பியவர். கடல் கடந்த பிரிவு என்பதை இருவரும் நன்கறிவர்.

அண்ணல் 1931 பிப்ரவரி இறுதியில் திரும்பினார். ஆகஸ்டில் மீண்டும் சென்றார். 1932 ஜனவரி இறுதியில் வந்தார். அவ்வாண்டின் இறுதியில் மூன்றாம் மாநாட்டுக்காக மறுபடியும் சென்றார். இடையில் 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தின் கடும் நெருக்கடி. அவ்வொப்பந்தத்தில் அண்ணலோடு சீனிவாசனாரும் ஒப்பமிட்டார். அந்நாட்களில் அண்ணலுக்கு மிரட்டல்கள் வந்தவண்ணம் இருந்தன. கணவர் உயிரோடு வீடு திரும்புவாரா என்ற கவலையோடு ரமாபாய் விரதங்களிலும் வழிபாட்டிலும் ஆறுதல் தேடினார்.

எட்டாத பண்டரிபுரம்

ரமாபாய் இறைப்பற்று மிக்கவர். பண்டரிபுரம் சென்று விட்டலரை ஒருமுறை தரிசிக்கவேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். அக்கோயிலுள் நம் மக்களுக்கு அனுமதியில்லை. வெளியே சோகாமேளர் நினைவிடத்தருகே நின்று தொழுது திரும்பவேண்டியதுதான். தம் துணைவியார் அவ்வாறு தொலைவில் நிறுத்தப்படுவதை அண்ணல் ஏற்கவில்லை. பக்தரை விலக்கி வைக்கும் அந்தப் பண்டரிபுரம் நமக்கெதற்கு என்றும், நம் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் வேறொரு பண்டரிபுரத்தை நாமே படைப்போம் என்றும் கூறி அவரைத் தேற்றினார்.

வேதகிரி மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த நமக்கு இந்த நிகழ்ச்சி புரியும். 1947ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை நம் முன்னோர் மலையடியில் எந்த எல்லையில் நின்றனரோ, அதே எல்லையில்தான் அண்ணலின் துணைவியாரும் நின்றிருக்கவேண்டும். பண்டரிபுரக் கோயில் நம் மக்களுக்குத் திறக்கப்பட்டதும் 1947இல்தான். அப்போது அன்னை மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

விடுதிப் பிள்ளைகளின் தாய்

உடல்நலம் குன்றிய ரமாபாய், மாற்றுக் காற்றுக்காகத் தார்வாட் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அண்ணலின் அன்பர் பல்வந்தராவ் வராளே ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதி ஒன்றை நடத்தி வந்தார். அம்மையார் அங்குத் தங்கியிருந்தபோது, விடுதிக்கு வரவேண்டிய மானியம் தாமதமாகிப் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் நிலை வந்ததாகவும், அதனைக் கேள்வியுற்ற அம்மையார் தம் கைவளையல்களைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கச் செய்ததாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மராட்டிய மக்கள் இன்றும் அவரை ரமாயி, அதாவது ரமா அன்னை, என்றே அழைக்கின்றனர்.

பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதிக்காத ஒருவர், தம் நான்கு குழந்தைகளை இழந்த ஒருவர், பிறர் பெற்ற பிள்ளைகள் படிப்பதற்காகத் தம் நகையைக் கழற்றினார் என்பதைக் கல்விச் சங்கத்தவராகிய நாம் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டும். பசியோடு இருக்கும் மாணவனுக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் தம் வாழ்க்கையிலிருந்தே அறிந்திருந்தார்.

ராஜகிருகமும் மறைவும்

1930களின் தொடக்கத்தில் தாதர் இந்துக் காலனியில் அண்ணல் ஒரு வீடு கட்டினார். ராஜகிருகம் என்று அதற்குப் பெயர். அதன் மேல்தளத்தைத் தம் நூலகத்துக்கென்றே அமைத்தார். கீழ்த்தளம் குடும்பத்துக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாலின் இரண்டு அறைகளில் வாழ்ந்த ரமாபாய், 1934ஆம் ஆண்டளவில் தம் சொந்த வீட்டுக்கு வந்தார். தனிக் குழாயும் தனி அடுக்களையும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் அவற்றைத் துய்க்கும் வலிமை உடலில் மிஞ்சவில்லை. மருத்துவர்கள் வந்தனர், மருந்துகள் வாங்கப்பட்டன. இளமையில் உண்ணாத உணவை எந்த மருந்தும் ஈடு செய்யவில்லை.

1935 மே 27 அன்று அன்னை ரமாபாய் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அண்ணல் அருகிலிருந்தார். ஏறத்தாழ பதினாயிரம் மக்கள் இறுதி ஊர்வலத்தில் நடந்தனர். சந்தை மூலையில் ஒரு சிறு கூட்டத்தின் நடுவே மணமுடித்தவரை, பெருங்கடலென மக்கள் வழியனுப்பினர். அண்ணல் பல நாட்கள் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து குழந்தைபோல் அழுதார்.

அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று யேவலா மாநாட்டில், தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அண்ணல் உலகறிய அறிவித்தார். 1940இல் வெளியான, பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள் என்னும் தம் பெருநூலை மறைந்த துணைவியாருக்குக் காணிக்கையாக்கினார். நண்பரற்ற வறுமை நாட்களில் தம்மோடு துன்பத்தைப் பகிர்ந்துகொள்ள அவர் காட்டிய மனத்திண்மையையும் நல்லியல்பையும் அக்காணிக்கையில் நினைவுகூர்ந்தார். 1945 ஜூலை 8 அன்று மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டில் அதன் சார்பில் சித்தார்த்தா கல்லூரி பம்பாயில் திறக்கப்பட்டது. வேறொரு பண்டரிபுரம் என்று அண்ணல் கூறியது இவ்வாறு வடிவம் பெற்றது என்றால் மிகையாகாது. அதனைக் காண அன்னை இல்லை.

நாம் செய்யவேண்டுவது

அன்னை ரமாபாயின் வாழ்க்கையைக் கூறி, பெண்கள் அவ்வாறே பொறுத்திருக்கவேண்டும் என்று முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடிப்போமாயின் அண்ணல் கடன் என்று எழுதியதை நாம் தர்மம் என்று மாற்றி எழுதியவர்களாவோம். தர்மத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. கடனைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும். முப்பத்தேழு வயதில் ஒரு பெண் மறைவதும், நான்கு மழலைகள் மண்ணுக்குள் போவதும் ஒரு படிப்புக்கு விலையாக இருத்தல் ஆகாது. இனி எவ்வீட்டிலும் அவ்விலை கொடுக்கப்படாமலிருக்கவே இத்தகைய சங்கங்கள் தோன்றின.

படிக்கும் இளைஞர்கள், தம் வீட்டில் உலை வைக்கும் தாயின் கணக்கையும், படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகும் தங்கையின் கணக்கையும் அறிந்திருக்கவேண்டும். அண்ணன் படிப்புக்காகத் தங்கையின் படிப்பு நின்ற வீடுகள் நம் தெருக்களில் உண்டு. பணியில் அமர்ந்த அண்ணன் முதலில் செய்யவேண்டுவது அத்தங்கையை மீண்டும் பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ அனுப்புவதாகும். வெளியூரில் உழைக்கும் கணவர்மார் மாதந்தோறும் பணத்தோடு வீட்டு நிலையையும் கேட்டறியவேண்டும். சங்கத்தின் உதவித்தொகை மாணவனின் கட்டணத்தோடு நின்றுவிடாமல், அவன் குடும்பம் அதனால் பசியில் வாடுகிறதா என்பதையும் உறுப்பினர்கள் பார்க்கவேண்டும். தார்வாட் விடுதியில் கழற்றப்பட்டதாகச் சொல்லப்படும் வளையல்கள் நமக்கு உணர்த்துவது அதுவே.

அண்ணலின் படத்தை நம் இல்லங்களில் மாட்டியிருக்கிறோம். அவருடைய கையில் நூல் இருக்கிறது. அந்நூலை அவர் கையில் வைத்திருக்க, வேறொரு கை சாணக் கூடையைச் சுமந்தது. அக்கையின் கடனை நம் பெண்மக்கள் கையில் நூலைக் கொடுத்தே தீர்ப்போமாக.